பெட்டிக்குக் காசு உண்டு, வாசிப்பவனுக்கு இல்லை

கிளிநொச்சிக்கும் பரந்தனுக்கும் அண்மையிலுள்ள ஒரு கிராமம். கோயிலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக் காலை பரிபாலன சபையினர் என் வீட்டு வாசலில் நிற்பர். பூங்காவனத் திருவிழாவன்று இசை நிகழ்ச்சி. மேடையின் இரு மருங்கிலும் ஆளுயரத்துக்கு மேலாகக் கறுப்புப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன், பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு. மேடையில் ஒரு கீபோட், ஒரு ஒக்ரபாட், ஒரு லீட் கிற்றார், ஒரு தபேலா, பாடகர்கள் நால்வர். பேஸ் கிற்றார் வாசிப்பவரைக் காணவில்லை.

"பேஸ் வாசிக்கிற பொடியன் எங்கை தம்பி?" என்று சபைச் செயலாளரிடம் கேட்டேன்.

"அதுக்கெதுக்கு ஐயா தனியா ஒராள்? பொக்ஸிலை பேஸ் அடிக்குதுதானே."

நாற்பது ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் எழுதிப் பிழைத்தவன் நான். அமைச்சர்கள் சொன்ன பல அபத்தங்களை எழுத்துப் பிசகாமல் அச்சேற்றியிருக்கிறேன். எனினும் இந்த ஒரு வசனம் போல எதுவும் என்னை உறுத்தியதில்லை. ஏனெனில் அந்தத் தம்பி கெட்டவரல்லர், அறிவற்றவருமல்லர். வன்னியில் பத்தில் ஒன்பது பேர் நம்புவதைத்தான் அவர் சொன்னார்.

இங்கு 'பேஸ்' என்னும் சொல்லுக்கு இன்று ஒரே பொருள்தான்: நெஞ்சாங்கூட்டை அதிரவைக்கும் இடி. "பேஸைக் கூட்டு" என்றால் சவுண்ட்ஸ்காரர் ஒரு குமிழைத் திருகுவார். பேஸ் என்பது ஓர் இசைக்கருவி, அதனை ஒரு மனிதன் விரல்களால் வாசிக்கிறான், எந்தச் சுரத்தை எந்தக் கணத்தில் தொடுவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, எங்கே பேசாமலிருப்பது என்பதை அவனே தீர்மானிக்கிறான் என்ற எண்ணம் முற்றாக மறைந்துவிட்டது. பெட்டி எதனையும் தீர்மானிப்பதில்லை. கொடுத்ததைப் பெருக்கும், அவ்வளவே. அன்றிரவு பதினாறு பெட்டிகளும் சேர்ந்து பெருக்கியது ஒக்ரபாட்டின் ஓர் உதையை மட்டுந்தான்.

பேஸ் கிற்றாருக்கு நான்கு தந்திகள்: இ, ஏ, டி, ஜி. சாதாரண கிற்றாரின் கீழ் நான்கு தந்திகளுக்கும் ஒரு ஸ்தாயி தாழ்ந்தவை. ஆகத் தடித்த தந்தி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. 1951இல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது 'பிரிசிஷன்' என்று பெயரிட்டார். ஆளுயர டபிள் பேஸில் சுரத்தானத்தைக் கை பழக்கத்தால் தேடவேண்டியிருந்தது. இதிலோ வீணையைப்போல் மெட்டுகள் இருந்தன, சுரம் துல்லியமாக விழுந்தது. அதனால் அந்தப் பெயர்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சங்கதி என்பவர்கள் மிருதங்கத்தைப் பார்க்கட்டும். தொப்பிப் பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்பாமல் எந்த வித்துவானாவது கச்சேரிக்கு அமர்வாரா? அந்தக் கும்கி இல்லாத மிருதங்கம் தகரத்தில் தட்டுவதற்குச் சமம். நாதஸ்வரத்துக்கு ஒத்து எதற்காக இருந்தது? ஒத்துக்காரர் ஒரே சுரத்தை இரவு முழுவதும் ஊதுவார். அவருக்கு மாலையும் இல்லை, பட்டமும் இல்லை. 'ஒத்து ஊதுகிறவன்' என்பதை வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டோம். பிறகு அவர் இடத்தில் சுருதிப்பெட்டியை வைத்தோம். இப்போது பேஸ் வாசிப்பவரின் இடத்தில் கறுப்புப் பெட்டியை வைத்திருக்கிறோம். ஒரு வேறுபாடு உண்டு: சுருதிப்பெட்டி சுருதியையாவது சரியாகச் சொல்லும்.

பேஸ் ஒத்தைப்போல் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. பாடகர் ஒரே சுரத்தை நீட்டிக்கொண்டிருக்கும்போது கீழே பேஸ் சி-யிலிருந்து ஏ-க்கு இறங்கினால், மேலே எதுவும் மாறாமலே மேஜர் மைனராகிவிடும், பூரிப்பு ஏக்கமாகும். 1980இல் வெளிவந்த 'மூடுபனி', 'நிழல்கள்' ஆகிய படங்களின் பாடல்களை ஒரு நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். பாடகர் பாடுவது ஒரு மெட்டு. அடியில் இளையராஜா பேஸுக்கு எழுதியிருப்பது இன்னொரு மெட்டு. அவரது குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். மோடவுன் நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர் முதன்முதலாக ஓர் இசைத்தட்டின் உறையில் வந்தது 1971இல், மார்வின் கேயின் தொகுப்பொன்றில். வன்னியில் எஸ்.ஜி.சாந்தனை அறியாதவர் இல்லை. 2017இல் அவர் மறைந்தபோது ஊரே அழுதது. அவர் பாடிய மேடைகளின் பின்வரிசையில் பேஸ் வாசித்தவர்கள் யார்? எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி என்று கோயில் வீதிகளில் விடிய விடியக் குந்தியிருந்து கேட்டோமே, அவற்றில் பேஸ் வாசித்தவர்கள் யார்? நானும் அக்காலத்தில் நிகழ்ச்சி விமர்சனங்கள் எழுதியவன். ஒரு விமர்சனத்திலேனும் பேஸ் வாசித்தவரின் பெயரை நான் எழுதியதாக நினைவில்லை. குற்றவாளிப் பட்டியலில் முதற்பெயர் என்னுடையதாகவே இருக்கட்டும்.

ஆனால் காது கெட்டதற்கு நம்மை மட்டும் பழிப்பதும் நியாயமன்று. தொண்ணூறுகளில் வவுனியா நகருக்கு வடக்கே மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடுக்கப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னில் பாட்டுக் கேட்டோம். கை தளர்ந்தால் பாடகரின் குரலும் தளரும். உள்ளங்கை அளவு ஒலிபெருக்கி அது. அதனால் 41 அதிர்வை எங்கே கொண்டுவர முடியும்? தாழ்சுரங்கள் எல்லாம் வடிகட்டப்பட்டுப் பாடகரின் குரலும் வயலினும் மட்டுமே நம்மை வந்தடைந்தன. ஒரு தலைமுறை இளையராஜாவின் பாதியை மட்டும் கேட்டு வளர்ந்தது. மறுபாதி இருந்ததே அதற்குத் தெரியாது.

2009க்குப் பின்னர் மின்சாரம் வந்தது, ஏ-9 வீதி வழியே லொறிகள் வந்தன, லொறிகளில் பெட்டிகள் வந்தன. பசித்தவன் முன் படையல் வைத்த கதைதான். தாழ்சுரமே கேட்டறியாத காதுகளுக்கு முதன்முதலில் கிடைத்தது இசையன்று, இடி. அந்த இடி எப்படிப்பட்ட மண்ணில் விழுகிறது என்பதையும் யாரும் யோசிக்கவில்லை. புதுக்குடியிருப்பில் ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார்: "சாமத்திலை அந்தச் சத்தம் கேட்டா இண்டைக்கும் பங்கருக்குள்ளை போற மாதிரிக் கிடக்கு மோனை." இசை நிகழ்ச்சி அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்குவதை நம் நாட்டு உயர் நீதிமன்றம் 2007இலேயே கட்டுப்படுத்தியது. இரண்டும் நம் கோயில் வீதிகளை இன்னும் வந்தடையவில்லை.

இசைக்குழுக்காரரும் புனிதரல்லர். நான்கு பாடகர்களுக்கு இடமுண்டு, புகைவிடும் இயந்திரத்துக்கு இடமுண்டு, பேஸுக்கு மட்டும் பணமில்லை. "கீபோட் இடக்கையிலை பேஸ் வாசிக்கலாந்தானே" என்பார்கள். வாசிக்கலாம், தேர்ந்த கை என்றால் மிக அழகாகவே வாசிக்கலாம். ஆனால் இவர்கள் செய்வது அதுவன்று. தாளப் பொத்தானை அழுத்திவிட்டு, பெட்டிக்குள் பதிந்திருக்கும் பேஸை ஓடவிடுகிறார்கள். யப்பானில் எவரோ பதிந்துவைத்த அதே நான்கு சுரம், முருகனுக்கும் அதுதான், காதலுக்கும் அதுதான்.

இனிப் புலம்பெயர் உறவுகள். கோபிக்க வேண்டாம். முள்ளியவளையில் ஒரு வீட்டுச் சுவரில் ஐந்து தந்திப் பேஸ் ஒன்று தொங்குகிறது; ரொறன்ரோவிலிருந்து மாமா பொதியில் அனுப்பியது. பளபளப்பு என்றால் அப்படியொரு பளபளப்பு. அம்ப் இல்லை, மாற்றுத் தந்தி இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அது 'அக்டிவ்' வகை. உள்ளே 9 வோல்ற் பற்றரி தீர்ந்தால் ஊமை. தீர்ந்து பல மாதமாம். பற்றரிக்காகச் சோதனைச்சாவடியில் அடிவாங்கிய ஊருக்குப் பற்றரியில்லாமல் பேசாத வாத்தியத்தை அனுப்பியிருக்கிறோம்.

ஆகவே என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நான்கு தந்தி போதும். பற்றரி வேண்டாத 'பஸிவ்' வகையை வாங்குங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை பாய்ந்தபின் புதியது பலருக்கு எட்டாக்கனி. பழையதை வாங்குவதில் வெட்கமில்லை. பெயர்ப்பலகையைப் பார்க்காமல் கழுத்தைப் பாருங்கள். கண்ணருகே பிடித்து நீளவாக்கில் நோக்கினால் வளைவு தெரியும். உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் திருகிச் சிறு வளைவை நிமிர்த்தலாம், முறுக்கலை நிமிர்த்த முடியாது. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய சுரம் திறந்த தந்தியின் மேல் ஸ்தாயியோடு இணைகிறதா என்று கேளுங்கள். வழமையான தந்தி நீளம் 34 அங்குலம். சிறு கையுள்ள பிள்ளைகளுக்கு 30 அங்குல வகை உண்டு, பீற்றில்ஸ் புகழ் பால் மக்கார்ட்னி வாசித்த ஹொஃப்னர் அந்தக் குட்டை வகைதான். முல்லைத்தீவுக் கடற்காற்று தந்தியைத் தின்றுவிடும். வாசித்து முடிந்ததும் துடையுங்கள். புதுத் தந்திக்குக் காசில்லையெனில் பழையதைக் கொதிநீரில் அவித்து உலர்த்தினால் சில நாட்களுக்குத் துலங்கும். ஜேமர்சன் மாற்றாத பழந்தந்தியில், ஒற்றைச் சுட்டுவிரலால் வாசித்தவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை அம்ப்புக்கு வையுங்கள். சாதாரண கிற்றார் அம்ப்பில் பேஸை மாட்டி ஒலியைக் கூட்டினால் கூம்பு கிழியும். வீட்டில் பழக 20, 30 வாற்ஸ் பேஸ் அம்ப் தாராளம். மேடையில் ஒரு டிஐ பொக்ஸ் வழியாக நேரே மிக்சருக்குக் கொடுக்கலாம். இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. மூன்று ஓட்டைச் சொக்கற்றின் மேலோட்டையில் பேனையைக் குத்தி இரண்டு முள் பிளக்கைச் செருகும் பழக்கம் நம் சவுண்ட்ஸ்காரரிடம் இருக்கிறது. பூமித்தொடுப்பு இல்லாத மேடையில் விரல் தந்தியிலும் உதடு மைக்கிலும் பட்டால் என்ன நடக்கும் என்பதை ஒருமுறை உணர்ந்தவன் மறக்கமாட்டான். ஏர்த் இல்லையென்றால் ஏறாதீர்கள்.

வாசிக்கப் பிள்ளைகள் இல்லை என்பார்கள். பொய். ஞாயிறு காலை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஏதேனும் ஒரு தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். பாடகர் குழுவின் ஓரத்தில் ஒரு பிள்ளை பேஸோடு நிற்கக் காண்பீர்கள். கர்நாடகம், கீழைத்தேயம், மேலைத்தேயம் என மூன்று சங்கீதமும் சாதாரண தரப் பாடத்திட்டத்தில் உண்டு. நான் சென்றுவந்த வன்னிப் பாடசாலைகளில் மூன்றாவதைக் கற்பிக்க ஆசிரியரில்லை. அந்நிய வாத்தியம் என்று முகஞ்சுளிப்போருக்கு ஒரு வார்த்தை: பாலுசுவாமி தீட்சிதர் கையிலெடுத்தபோது வயலினும் அந்நியந்தான்.

சென்ற கிழமை அந்தச் செயலாளரோடு தொலைபேசியில் கதைத்தேன். பதினாறில் நான்கு பெட்டிகளைக் குறைத்தால், மிஞ்சும் வாடகையில் ஒரு பேஸ் வாசிப்பவருக்குச் சம்பளமும் பஸ் காசும் கொடுக்கலாம் என்று கணக்குக் காட்டினேன். கணக்கை அவர் மறுக்கவில்லை.

"பெட்டியைக் குறைச்சா, கோயில் நொடிச்சுப்போச்சு எண்டு சனம் கதைக்கும் ஐயா."

அந்தக் கதையை எழுதிச் சமாளிப்பது என் பொறுப்பு, தம்பி. நீங்கள் நான்கு பெட்டிகளைக் குறையுங்கள்.