இதயத்தில் கோளாறு இல்லை என்று சொன்ன பிறகு

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



தாலுகா மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் இரவு நேரத்தில் சற்று உட்கார்ந்து பார்த்தால், இப்படி ஒருவர் வருவதைக் காணலாம். ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்குவார்கள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, கை மரத்துப்போகிறது, உயிரே போய்விடும் போல இருக்கிறது என்பார். செவிலியர் ஈசிஜி எடுப்பார். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "ஹார்ட் நல்லா இருக்கு. ஒண்ணுமில்ல, பயப்படாம வீட்டுக்குப் போங்க" என்பார். வாயுக்கோளாறு என்று ஓர் ஊசி போட்டாலும் போடுவார்கள். வந்தவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போவார்.

அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்ல. அந்தத் தாளோடு வெளியே வந்தவர்களில் ஒருவன். தேறியவன் என்பதால்தான் இதை எழுத முடிகிறது.

மருத்துவர் முதலில் இதயத்தைப் பார்த்தது முற்றிலும் சரி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவரை 'டென்ஷன்' என்று சொல்லித் திருப்பி அனுப்பி, அது மாரடைப்பாக இருந்துவிட்டால் உயிர் போய்விடும். பெண்களுக்கு மாரடைப்பு பல நேரங்களில் வெறும் மூச்சுத் திணறலாக, குமட்டலாக, களைப்பாக வருகிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். இவற்றையெல்லாம் பார்க்காமல் மனசுதான் காரணம் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. பார்த்து முடித்த பிறகு நோயாளியிடம் யாரும் எதுவும் சொல்வதில்லையே, அதுதான் என் முறையீடு.

ஏனென்றால் அவருக்கு ஏதோ நடந்தது. உடம்பு ஆபத்தைக் கண்டதும் ஓடவோ எதிர்த்து நிற்கவோ தன்னைத் தயார்செய்துகொள்ளும். அட்ரினலின் பாயும், இதயம் வேகமெடுக்கும், தசை இறுகும், வியர்க்கும். காற்றில் ஆடும் துணியைப் பார்த்து வீட்டு நாய் விடாமல் குரைப்பதுபோல, இந்த ஏற்பாடு சில நேரம் ஆபத்தே இல்லாதபோதும் கிளம்பிவிடுகிறது. வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். விரல் நுனியும் உதடும் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். காற்றுப் போதவில்லை என்று தவிக்கிறவர் உண்மையில் தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் இது உச்சத்தைத் தொடும், பிறகு தானே தணியும். இதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர். இதனால் உயிர் போகாது, புத்தியும் பேதலிக்காது.

இவ்வளவுதான் செய்தி. இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். எனக்குப் பல ஆண்டுகளாக யாரும் சொல்லவில்லை.

இது புதிய நோய் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்களிடம் இதே படபடப்பையும் நெஞ்சுவலியையும் கண்டு, இதயத்தில் நோய் ஏதும் காண முடியாமல், 1871-ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதிவைத்தார் ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டில் பேனிக் டிஸார்டர் தனி நோயாக இடம்பெற்றது. 1986-இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் இதன் உள்முடிச்சை விளக்கினார். படபடப்பு வருகிறது, அதை மாரடைப்பு என்று மனம் எடுத்துக்கொள்கிறது, அந்த எண்ணமே பயத்தைக் கூட்டுகிறது, பயம் படபடப்பைக் கூட்டுகிறது. இந்தச் சுழலுக்குள் நோயாளி சிக்கிக்கொள்கிறார். அப்படியானால், இது இன்னது என்று புரியவைப்பது ஆறுதல் வார்த்தை மட்டுமல்ல, சிகிச்சையின் முதல் பகுதியே அதுதான். அதைத்தான் நம் அவசரப் பிரிவுகள் கொடுக்காமல் விடுகின்றன.

கொடுக்காமல் விட்டால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும், என்னைப் போன்றவர்களோடு பேசிப்பேசித் தெரிந்துகொண்டிருக்கிறேன். ஒன்றுமில்லை என்று கேட்டவர் நிம்மதி அடைவதில்லை. இவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்றே நினைக்கிறார். அடுத்த முறை தனியார் மருத்துவமனைக்குப் போகிறார். எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோப்பி என்று வரிசையாக நடக்கும், எல்லாம் நார்மல் என்று வரும், நகை அடகுக்குப் போயிருக்கும். வீட்டில் ஒருவர் கேஸ் டிரபிள் என்பார், ஒருவர் கண்ணேறு என்பார், காத்துக்கருப்பு அடித்திருக்கிறது என்று கயிறு மந்திரித்துக் கட்டுவார் பாட்டி. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாத இடத்தில் மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள், அன்போடுதான் சொல்கிறார்கள்.

பிறகு வாழ்க்கை சுருங்கத் தொடங்கும். எந்தப் பஸ்ஸில் படபடப்பு வந்ததோ அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டார். பிறகு எந்தப் பஸ்ஸிலும் ஏற மாட்டார். திருவிழாக் கூட்டம், கல்யாண மண்டபம், முடிதிருத்தும் நாற்காலி, வங்கி வரிசை என்று நடுவில் எழுந்து போக முடியாத இடங்கள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். பெண்களுக்கு இது இன்னும் எளிதாக மறைந்துவிடுகிறது. தனியாகக் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்ட ஒரு பெண்ணை நம் ஊரில் அடக்கமானவள் என்று பாராட்டுவார்களே தவிர, நோயாளி என்று சந்தேகிக்க மாட்டார்கள். வேலையை விட்டவர்கள் உண்டு. பதவி உயர்வு வந்தும் வெளியூர் என்பதால் வேண்டாம் என்றவர்கள் உண்டு. இவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இரவு இன்னும் கொடியது. தூக்கத்திலிருந்தே தூக்கிவாரிப்போட்டு எழுப்பும் பேனிக் அட்டாக்கும் உண்டு. அது ஒருமுறை வந்துவிட்டால் படுக்கையே பயத்தைக் கொடுக்கும். கடிகாரத்தைப் பார்ப்பதும், இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று கணக்குப் போடுவதும், விடிந்தபின் அலுவலகத்தை நினைத்துப் பதறுவதும் பழக்கமாகும். நேற்று தூங்கவில்லையே, இன்றைக்குச் சீக்கிரம் படு என்பார்கள் வீட்டார். நாள்பட்ட தூக்கமின்மைக்கு அது நேர்மாறான யோசனை. தூக்கம் வராமல் படுக்கையில் அதிக நேரம் கிடப்பதே நோயை வளர்க்கிறது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுவது, உண்மையில் தூங்கும் நேரத்துக்கு ஏற்றபடி படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டுத் தூக்கம் திடமானபின் மெல்லக் கூட்டுவது, தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் போய் உட்கார்வது என்று இதற்கென ஒரு முறை இருக்கிறது. லாரி ஓட்டுபவர்களுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் கவனத்தோடு செய்ய வேண்டும், ஆகவே வழிகாட்ட ஆள் வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக இந்தப் பயிற்சிகள் அடங்கிய சிகிச்சையே முதல் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. நம் ஊர் நோயாளிக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அவருக்குத் தெரிந்தது மாத்திரை. யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறார். அல்பிரசோலம், டயாஸிபம், நைட்ரஸிபம், ஸோல்பிடெம் ஆகியவை மருந்து விதிகளில் 2013-இல் அறிவிக்கப்பட்ட எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவேடுகளைப் பார்வையிடச் சொல்லி உங்கள் மருந்து ஆய்வாளர்களுக்கு உத்தரவிடுங்கள். ஆனால் தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நெடுநாள் சாப்பிட்டவர் இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் பல மடங்காகும், வலிப்பும் வரலாம். சிறிதுசிறிதாகக் குறைத்துவர மருத்துவர் துணை வேண்டும். கடையைப் பூட்டினால் மட்டும் போதாது, அடுத்த தெருவில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கதவு திறந்திருக்க வேண்டும்.

மனநலம் என்றாலே அரசின் நினைவுக்கு வருவது கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியபோது நாடே திரும்பிப் பார்த்தது. கடுமையான மனநோய் உள்ளவர்கள்மீது வைக்கும் கவனம் ஒரு துளியும் குறையக் கூடாது. அதேசமயம், 2015-16-இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு சொல்வதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடும் இடம்பெற்ற அந்த 12 மாநில ஆய்வில், பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. கடுமையான மனநோய்களில் அது 73.6 விழுக்காடு. அதாவது, எளிதாகக் குணப்படுத்தக்கூடிய பக்கத்தில்தான் கைவிடப்பட்டவர்கள் விகிதம் அதிகம்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-லிருந்து நாட்டில் இருக்கிறது. மனநலச் சிகிச்சையை ஆரம்ப நிலை உட்பட எல்லா மருத்துவ நிலைகளிலும் இணைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசைக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே சட்டம் புதிதாக வேண்டாம். மனநல மருத்துவர்கள் போதாது என்ற பதில் வரும் என்பது தெரியும், அது உண்மையும்கூட. ஆனால் ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் தொடங்கிய திட்டத்தில், சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நோயாளிகளோடு பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற மூதாட்டிகள். அதன் பலன் ஆய்வில் நிரூபணமாகி 2016-இல் வெளிவந்தது. நம் நாட்டிலேயே கோவாவில், மருத்துவர் அல்லாத ஆலோசகர்களைக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இத்தகைய கோளாறுகளுக்குச் சிகிச்சை அளிக்க முடியும் என்று விக்ரம் பட்டேல் குழுவினர் காட்டியிருக்கிறார்கள்.

நம்மிடம் அதற்கு ஆட்களும் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் சமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கப் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசும் உரிமை அவர்களுக்கு உண்டு, எந்த அதிகாரிக்கும் அது இல்லை. ரத்த அழுத்தம் பார்க்கும்போதே இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம். கடந்த இரண்டு வாரத்தில் காரணமில்லாத பதற்றம் இருந்ததா? கவலையை நிறுத்த முடியாமல் தவித்தீர்களா? ஆமாம் என்றால் அடுத்து யாரிடம் அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனுப்பும் இடத்தில் ஆளும் இருக்க வேண்டும். பதற்றத்துக்குக் கொடுக்கும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலைன் போன்ற மருந்துகள் வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும், முதல் சில நாள்களில் படபடப்பு கூடவும் செய்யலாம் என்று எடுத்துச்சொல்ல அந்த ஆளால் முடிய வேண்டும். அதைச் சொல்லாததால்தான் பலர் மூன்றாம் நாளே மாத்திரையைக் குப்பையில் போடுகிறார்கள்.

அவசரப் பிரிவிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதியான ஒருவரின் கையில் ஈசிஜி தாளோடு தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத்தையும் கொடுங்கள். உங்களுக்கு வந்தது இது, இப்படித்தான் வரும், இப்படித்தான் போகும், மறுபடி வந்தால் மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், ஓடிப்போகாமல் அங்கேயே இருந்து பாருங்கள் என்று அதில் இருக்கட்டும். வலி புதுவிதமாக இருந்தாலோ, நடக்கும்போது வந்தாலோ, கைக்கோ தாடைக்கோ பரவினாலோ தாமதிக்காமல் திரும்ப வாருங்கள் என்பதும் இருக்கட்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைப் பெரிதாக அச்சிடுங்கள். 2022 முதல் இயங்கும் அந்தச் சேவையின் இலவச எண்ணை, தேவைப்படும் இரவில் தேடிக் கண்டுபிடிக்கும் நிலையில் யாரும் இருப்பதில்லை. பக்கத்தின் அடியில் மறுபரிசோதனைக்கு ஒரு தேதி எழுதிக்கொடுங்கள்.

முதலில் ஒரே ஒரு மாவட்டத்தில் ஓராண்டு செய்து பாருங்கள். அந்தப் பக்கத்தை வாங்கிச் சென்றவர்களில் எத்தனை பேர் அதே படபடப்போடு மறுபடி அவசரப் பிரிவுக்கு வந்தார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். செலவு தாளுக்கும் பயிற்சிக்கும்தான். ஒன்று மட்டும் வேண்டுகிறேன்: அந்தப் பக்கத்தைச் சென்னையில் உட்கார்ந்து கோப்புத் தமிழில் எழுத வேண்டாம். இந்த நோயைக் கடந்து வந்தவர்களையும் இரவுப் பணி செவிலியர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். அழைத்தால் நானும் வருகிறேன். பஸ்ஸிலேயே வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாலுகா ஊர்க்காரன் ஒருவன்