பணம் இருந்தும் பாட்டு இல்லை

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஆய்வுக்கூட நண்பர்கள் ஐவர் கோவாவுக்குப் போனோம். கடலைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் மனத்தில் தங்கியது கடல் அன்று, ஒரு பாட்டு. பணஜியில் ஒரு சிறிய மண்டபம். கறுப்புச் சால்வை போர்த்திய அம்மையார் ஒருவர் பாடினார். அருகே பன்னிரண்டு கம்பிக் கிதார் ஒன்று அழுதுகொண்டிருந்தது. மொழி போர்த்துக்கீசியம், ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. எனினும் ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் குரலின் விம்மல் அந்நியமாகப் படவில்லை. அதன் பெயர் ஃபாடோ என்றார்கள். லிஸ்பன் நகரத்தின் ஏழைத் தெருக்களில் வளர்ந்த பாட்டு. 1961 வரை போர்த்துக்கீசியர் கோவாவை ஆண்டார்கள் அல்லவா? ஆண்டவர்கள் போய்விட்டார்கள், பாட்டு தங்கிவிட்டது.

நிக்டிக்குத் திரும்பியதும் அறையில் உட்கார்ந்து இணையத்தில் தேடினேன். லிஸ்பனில் ஒரு சிறு நிறுவனம் வெளியிட்ட ஃபாடோத் தொகுப்பு ஒன்று கிடைத்தது. இறக்கிக்கொள்ளும் விலை நம் பணத்தில் எண்ணூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மாணவனுக்கு அது சிறு தொகை அன்று. இரண்டு வாரம் தேநீரைக் குறைத்துச் சேர்த்தேன். அட்டை எண்ணைப் பதித்தேன். வந்தது ஒரே ஒரு வரி: ‘இப்பொருள் உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை.’

கடையும் இருக்கிறது, சரக்கும் இருக்கிறது, கையில் பணமும் இருக்கிறது. ஆனால் வாங்க முடியாது. ஏன்? நான் நிற்கும் மண் சரியில்லை!

அறைத் தோழன் மதுரைக்காரன். சிரித்தான். “பாட்டைப் போய் எவனாவது காசு கொடுத்து வாங்குவானா? நகரு, ஐந்து நிமிடத்தில் இறக்கித் தருகிறேன்” என்றான். சொன்னபடியே செய்தான். நான் கேட்டேனா? பொய் சொல்ல விரும்பவில்லை, கேட்டேன். முழுவதும் கேட்டேன். பாடிய அம்மைக்கு என்னிடமிருந்து ஒரு காசும் போகவில்லை. நான் கொடுக்க மறுக்கவில்லை, வாங்கத்தான் ஆள் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திருடியவனும் இப்படித்தான் சொல்லிக்கொள்வான் என்பது அடுத்த நாள் காலையில் பல் துலக்கும்போது உறைத்தது.

இந்தத் தடை எங்கிருந்து வருகிறது என்று துருவிப் பார்த்தேன். பாட்டின் உரிமை நிலம் போலத் துண்டு துண்டாக விற்கப்படுகிறது. பிரான்சுக்கு ஒருவர், பிரேசிலுக்கு ஒருவர், இந்தியாவுக்கு வேறொருவர். இசையமைத்தவர் உரிமை தனி, ஒலிப்பதிவின் உரிமை தனி. எல்லாரும் ஒப்பினால்தான் ஒரு நாட்டில் விற்கலாம். இணைய முகவரியையும், வங்கி அட்டை எந்த நாட்டில் வழங்கப்பட்டது என்பதையும் வைத்து நாம் எங்கிருக்கிறோம் என்று கடை கண்டுகொள்கிறது. இந்தியாவுக்கான உரிமையை எவரும் வாங்கியிருக்காவிட்டால், விற்பதற்கும் எவரும் இல்லை. யாரும் நம்மீது வஞ்சம் வைத்து இதைச் செய்யவில்லை. நம்மை யாரும் நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. அது இன்னும் வருத்தமானது.

இது என் ஒருவன் கதையும் அன்று. ஐடியூன்ஸ் கடை அமெரிக்காவில் 2003 ஏப்ரல் 28 அன்று திறந்தது. இந்தியாவுக்கு அது வந்தது 2012 டிசம்பரில். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல்! அந்த இடைவெளியில் இந்த நாட்டு இளைஞர்கள் வெளிநாட்டுப் பாட்டே கேட்கவில்லை என்று யாராவது நம்புவார்களா? கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள் என்பதை நம் அண்ணன்மாரைக் கேட்டால் சொல்வார்கள். திருட்டுப் பழக்கம் ஊறிய பின்பு கடையைத் திறந்துவிட்டு, இந்தியர்கள் பணம் கொடுக்கமாட்டார்கள் என்று குறை சொன்னால் என்ன நியாயம்?

2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோதும் இதே கூத்துத்தான். வார்னர் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்படவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 31-டி பிரிவின்படி, வானொலியைப் போலத் தாங்களும் கட்டணம் கட்டிவிட்டு ஒலிபரப்பலாம் என்றது ஸ்பாட்டிஃபை. வார்னர் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. அந்தப் பிரிவு வானொலி, தொலைக்காட்சிக்கே உரியது, இணையத்துக்கு அன்று என்று அதே நீதிமன்றம் அவ்வாண்டு ஏப்ரலில் வேறொரு வழக்கில் சொல்லிவிட்டது. வார்னரும் ஸ்பாட்டிஃபையும் கைகுலுக்கியது 2020-இல். யானைகள் இரண்டும் சமாதானம் ஆகும் வரை நாம் காத்திருந்தோம். யானைக்காவது வக்கீல் உண்டு; லிஸ்பன் தெருப்பாட்டுக்கு யார் இருக்கிறார்கள்?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் பாட்டின் விலை குறைவு. எல்லைகளை முழுக்கத் திறந்துவிட்டால் இலண்டன்காரனும் இந்திய விலைக்கே வாங்குவான். கலைஞனுக்கு நட்டம் என்கிறார்கள். இது வெறும் சாக்கு அன்று. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் இந்திய விலையைக் கேட்கவில்லையே! லிஸ்பன் விலையைக் கொடுக்கத்தானே தேநீரைக் குறைத்தேன்?

நமக்கு இது புதிதா என்றால், இல்லை. 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்கவில்லை. அகில இந்திய வானொலியில் அது தேய்ந்து, மறைந்தது. நேயர்கள் கேட்பதை நிறுத்தினார்களா? முள்ளைத் திருப்பினார்கள். வடக்கே அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா, தெற்கே மயில்வாகனனின் குரல். எல்லாம் இலங்கை வானொலி! எங்கள் தாத்தா இன்றைக்கும் மயில்வாகனன் பேச்சை எடுத்தால் நிறுத்தமாட்டார். பாட்டுக்கான விளம்பரப் பணமும் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போயிற்று. கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. அன்று வானலைக்கு வேலி போட முடியவில்லை. இன்று கம்பி வழியே வருவதால் வேலி போட முடிகிறது. அதுவும் நேர்மையாக வாங்க வருபவனுக்கு மட்டுமே அந்த வேலி!

துக்காராம் பல்லக்கு ஆண்டுதோறும் தேஹுவிலிருந்து நம் நிக்டி வழியாகத்தான் பண்டரிபுரம் போகிறது. மராத்தியரின் சாகியும் திண்டியும் தஞ்சைக்கு வந்து நம் கதாகாலட்சேபத்தில் கலந்தபோது, காவிரிக் கரைக்கு யாருக்கு உரிமை என்று எவரும் கேட்கவில்லை. அக்காலத்தில் கலைஞனுக்குக் கிடைத்ததும் அரசன் போட்ட பிச்சைதான் என்பதையும் மறக்கவில்லை. உரிமைச் சட்டம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை.

நான் கேட்பது சிறியது. ஒரு நாட்டுக்கான உரிமையை ஒருவர் வாங்கியிருந்தால் அவரே விற்கட்டும். எவரும் வாங்காத நாட்டில், மூல நிறுவனம் தன் விலைக்கே நேராக விற்கத் தடை இருக்கக் கூடாது. உரிமை ஒப்பந்தங்களிலேயே இதை எழுதிவிடலாம். நடக்காத காரியமா? பேண்ட்கேம்ப் தளத்தில் 2008 முதல் கலைஞர்கள் உலகம் முழுவதற்கும் நேரே விற்கிறார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று 2013-இல் இன்னும் துணிந்து பேசிற்று: இத்தகைய தடைகளை எந்த அளவுக்குத் தாண்டலாம் என்று மக்களுக்குக் கற்றுக்கொடுக்க அரசு ஆலோசிக்க வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியமோ, நாட்டைப் பார்த்து விற்க மறுக்கலாகாது என்று 2018 டிசம்பர் 3 முதல் விதி செய்தது. பாட்டு விற்பனைக்கோ விலக்குக் கொடுத்துவிட்டது! சட்டையும் செருப்பும் வாங்கலாம், பாட்டு ஆகாது. இதே ஃபாடோவை யுனெஸ்கோ 2011-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. மனிதகுலம் என்றால் அதில் நிக்டியும் அடக்கம் என்று எண்ணியிருந்தேன்.

லிஸ்பன் நிறுவனத்துக்கு நடந்ததை எல்லாம் மறைக்காமல் எழுதினேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. இணையத்தில் விற்கும் உரிமை தம் கையில் இல்லையாம். ஆனால் குறுந்தகடாக அஞ்சலில் அனுப்பத் தடையில்லையாம். தகடு எல்லையைத் தாண்டலாம், அதிலுள்ள பாட்டு மட்டும் தனியே தாண்டக் கூடாது! இந்த விஞ்ஞானம் எனக்கு விளங்கவில்லை. தகட்டின் விலையைவிட அஞ்சல் செலவு அதிகம். கட்டினேன். சென்ற வாரம் பொட்டலம் வந்து சேர்ந்தது. அட்டையில் அதே கறுப்புச் சால்வை.

எங்கள் அறையில் இருக்கும் மூன்று கணிப்பொறிகளில் ஒன்றிலும் தகடு போட இடமில்லை. சங்க நண்பர்கள் எவரிடமேனும் பழைய குறுந்தகட்டுப் பெட்டி இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை தகட்டோடு வருகிறேன்.