நாள் ஒன்று, ஏடு இரண்டா?

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் நாளை அறிவிக்க ஏடு வேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டு எல்லார்க்கும் ஒன்று. மாரியம்மன் திருவிழாவும் பள்ளிவிழாவும் லயத்துக்கு லயம் வாய்மொழியாகவே பரவின. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குச் சிதறின. தோட்டத்தின் பெயரைப் பல இடங்களில் இன்று தமிழ்ப்பள்ளி மட்டுமே சுமந்து நிற்கிறது. சிதறியவர்களை ஒரு நாளில் ஓரிடத்தில் கூட்டும் கடமையும் அதன் தோளிலேயே விழுந்துள்ளது.

அக்கடமைக்குக் கருவி இல்லையா? இருக்கிறது. 2020இல் கல்வியமைச்சு தொடங்கிய டெலிமா தளம் ஆசிரியர்க்குக் கூகுள் சேவைகளின் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் நடப்பது என்ன? இணைய நாட்காட்டியில் பெற்றோர் கூட்டம் வெள்ளிக்கு மாற்றப்படுகிறது. அலுவலகக் கணினியின் மின்னஞ்சல் நிரலிலோ அது இன்னும் புதனாகவே கிடக்கிறது. இரண்டையும் நம்பியவர் இரண்டு நாளும் அலைகிறார்.

“இது எந்திர வேலை, இலக்கணம் கற்பிப்பவர்க்கு இதனால் என்ன?” என்பார் சிலர். பொருந்தாத வாதம். கூட்டம் தவறிய பெற்றோரிடம் எந்த இலக்கணத்தைச் சொல்லி விளக்குவது?

“நாங்கள் இணைத்துவிட்டோம்” என்பார் வேறு சிலர். அவர்கள் செய்தது பெரும்பாலும் இணைப்பன்று, படியெடுப்பு. நாட்காட்டியைக் கோப்பாக இறக்கி நிரலில் ஏற்றினால், அன்றைய நிலை மட்டுமே அதில் உறையும். 2024இல் ஜனவரி 25ஆம் நாள் வந்த தைப்பூசம், 2025இல் பிப்ரவரி 11ஆம் நாள் வந்தது. உறைந்த ஏடு இதை எங்ஙனம் அறியும்? முகவரி கொடுத்துச் சந்தா சேர்ப்பது அதனினும் மேல். மாற்றங்கள் சற்றுத் தாமதித்தேனும் வந்து சேரும். ஆயினும் அங்கே படிக்கலாம், எழுத இயலாது. மூன்றாவது வழியே முறையான வழி: 2007இல் வகுக்கப்பட்ட கால்டேவ் நெறி. இருபுறமும் எழுதலாம்; எங்கு மாற்றினும் மற்றதும் மாறும். 2020 முதல் தண்டர்பேர்ட் நிரலுக்குள்ளேயே நாட்காட்டி அமைந்துள்ளது. கூகுள் கணக்கைக் கொடுத்து ஒப்புதல் அளித்தால் போதும். நிரலுக்கு விலையும் இல்லை.

படிக்க மட்டும் உரிமை பெற்றவனுக்கும் எழுத உரிமை பெற்றவனுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழாசிரியர்க்குப் பிறர் விளக்க வேண்டுமா? பொதுவிடுமுறைகளை அரசு எழுதும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை, பள்ளியின் திருக்குறள் போட்டியை, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தை யார் எழுதுவார்? உள்ளூரார் எழுதாவிடில் அவை எந்த ஏட்டிலும் இரா.

1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளிச் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றியது. ஒரு நாடே ஒரு நேரத்திற்கு வர முடிந்தபோது, ஒரு பள்ளியும் அதன் பெற்றோரும் ஒரு நாட்காட்டிக்கு வர முடியாதா? பள்ளிதோறும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் ஒரு பொது நாட்காட்டி திறக்கப்பட வேண்டும். எழுதும் உரிமை இருவர் மூவர்க்கேனும் தரப்பட வேண்டும். வரும் கல்வியாண்டின் முதல் கூட்டமே அதில் எழுதப்படும் முதல் வரியாகட்டும்.