கம்பியை அசைப்பது தங்கம் அல்ல

வெல்டிங் கம்பி இரண்டை எல் வடிவில் வளைத்து, பிடிக்குப் பழைய பேனாக் குழாயைச் செருகினால் புதையல் தேடும் கருவி தயார் என்கிறார்கள். கம்பிகளை மார்புக்கு நேரே இணையாகப் பிடித்தபடி மெதுவாக நடக்க வேண்டுமாம். தங்கம் புதைந்த இடம் வந்ததும் அவை தாமாகவே ஒன்றையொன்று குறுக்கிடுமாம். செய்து பார்த்தவர்களைக் கேட்டால், கம்பி நகர்ந்தது என்று சத்தியம் செய்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. கம்பி நகரத்தான் செய்கிறது. எது நகர்த்துகிறது என்பதில்தான் நம்பிக்கை தடம் புரள்கிறது.

கிடைமட்டமாகப் பிடித்த கம்பி, மணிக்கட்டு நூலளவு சாய்ந்தாலே தாழ்ந்த பக்கம் திரும்பிவிடும். மரக்கிளையில் வெட்டிய கவட்டைக் குச்சியும் அப்படித்தான். விரித்து முறுக்கிப் பிடிப்பதால், பிடி சற்று மாறினாலே துள்ளும். 'இங்கேதான் இருக்கும்' என்று மனம் எதிர்பார்த்துவிட்டால், அந்தச் சிறு அசைவைத் தசைகள் செய்து முடித்துவிடுகின்றன. கைக்குரியவருக்கே அது தெரிவதில்லை. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் இதைத் தன்னிடமே சோதித்தார். பாதரசத்துக்கு மேல் அவர் பிடித்த ஊசல் ஆடியது. கண்ணைக் கட்டிக்கொண்டதும் பாதரசத்துக்கும் ஊசலுக்கும் இருந்த உறவு அற்றுப்போனது. இதை அவர் 1833-இல் வெளியிட்டார். ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்க்கும்போது உள்ளங்கையில் எழுந்து நிற்கும் தேங்காய்க்கும் இந்த விளக்கமே போதும்.

புதையல் வேட்டையில் இந்தக் குச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1634-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் பெரும் புதையல் இருப்பதாக நம்பி, அரசரின் கடிகாரக்காரர் டேவிட் ராம்சே ஒரு கூட்டத்தோடு இறங்கினார். கிடைத்தால் மடாலயத்துக்கும் பங்கு என்ற நிபந்தனையோடு அனுமதியும் கிடைத்தது. கூடச் சென்ற சோதிடர் வில்லியம் லில்லி நடந்ததை எழுதிவைத்திருக்கிறார். குச்சிகள் திரும்பிய இடத்தில் ஆறடி தோண்டினார்கள். வந்தது ஒரு சவப்பெட்டி. பிறகு பெருங்காற்று அடித்தது, எல்லாரும் அஞ்சினார்கள். தோல்விக்கு லில்லி சொன்ன காரணம்: கூட்டம் அதிகம், வந்தவர்கள் சிரித்தார்கள். குச்சி பொய்த்தது என்று அவர் எழுதவில்லை. இன்றைக்கும் இதே சாக்குகள்தான்: நேரம் சரியில்லை, சந்தேகப்படுகிறவர் பக்கத்தில் நின்றார், பக்கத்தில் இரும்பு இருந்தது. எந்தத் தோல்வியையும் தோல்வி என்று ஒப்புக்கொள்ளாத கருவியை எப்படிச் சோதிப்பது?

சோதித்தவர்கள் இருக்கிறார்கள். 1990-இல் ஜெர்மனியின் காசல் நகரில், குச்சி பிடித்து நீரோட்டம் பார்க்கும் முப்பது பேர் சோதனைக்கு வந்தார்கள். அரை மீட்டர் ஆழத்தில் புதைத்த குழாயில் தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்று மட்டும் சொல்ல வேண்டும். சோதனை நியாயமானது, வெல்வோம் என்று முன்கூட்டியே கையெழுத்திட்டார்கள். மூன்று நாள் முடிவில் கிடைத்தது, நாணயம் சுண்டினால் கிடைக்கும் அளவுக்கான வெற்றிதான். வீட்டில் கம்பி செய்கிறவரும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரே மாதிரியான பத்துக் கிண்ணங்களைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் மோதிரத்தை வைத்தவர் அறையை விட்டே போய்விட வேண்டும்; கம்பி பிடிப்பவரின் பக்கத்தில் விடை தெரிந்த எவரும் நிற்கக் கூடாது. இதைப் பல முறை செய்யாமல் கடப்பாரையை எடுப்பது அறிவுடைமை ஆகாது.

'இரண்டு கம்பிதானே, என்ன நஷ்டம்?' என்று கேட்பவர்கள் பாக்தாதைப் பார்க்க வேண்டும். கோல்ஃப் பந்து தேட உதவும் என்று அமெரிக்காவில் சுமார் இருபது டாலருக்கு விற்ற பொருள் ஒன்று: ஒரு பிடி, அதில் தளர்வாகச் சுழலும் ஆன்டெனா. ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ் வியாபாரி அதை அடியொற்றி 'ஏடிஇ 651' என்ற வெடிகுண்டு கண்டுபிடிப்பானை ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றார். பேட்டரி கிடையாது. உள்ளே வேலை செய்யும் மின்னணுச் சுற்று எதுவும் இல்லை. பிடித்திருப்பவரின் உடல் மின்சாரத்தில் இயங்கும் என்றார்கள். ஈராக் கோடிக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிச் சோதனைச் சாவடிகளில் நிறுத்தியது. காவலர் கையில் இருந்தது, விலை ஏறிய அதே எல் கம்பி. 2009-இல் குண்டு வண்டிகள் பாக்தாதின் அமைச்சகங்களை எட்டி நூற்றுக்கணக்கானோரைக் கொன்றன. இதே வகையைச் சேர்ந்த 'ஜிடி 200' கருவியைத் தாய்லாந்து 2010-இல் சோதித்தபோது, இருபது முயற்சியில் நான்கு மட்டுமே சரி.

புதையல் ஆசைக்கும் சாவடிக் காவலரின் நம்பிக்கைக்கும் இடையே இருப்பது ஒரே பிழை: கம்பி அசைந்ததையே சான்றாக எடுத்துக்கொள்வது. தன் தோட்டத்தில் பொழுதுபோக்காகக் குழி தோண்டுகிறவர் இழப்பது ஒரு நாள் உழைப்பை. அந்தப் பிழைக்கு அரசாங்க முத்திரை கிடைத்தால் இழப்பு உயிர்களாகிறது. மெக்கார்மிக்குக்கு 2013-இல் லண்டன் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. அதற்குப் பிறகும் பாக்தாத் சாவடிகளில் அந்தக் கருவி இருந்தது. 2016 ஜூலையில் கராதா கடைத்தெருவில் லாரி குண்டு முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகுதான், அவற்றைத் திரும்பப் பெற ஈராக்கின் அன்றைய பிரதமர் அபாதி உத்தரவிட்டார்.