குடிக்கூலியும் மனையுரிமையும்

ஒருவன் இருபதாண்டு குடியிருந்த வீட்டை வேறொருவன் விலைக்கு வாங்குகின்றான். வாங்கிய மறுதிங்களே கூலிமுறை மாறுகின்றது. சுவருக்கு வெள்ளையடித்தவனும் முற்றத்தில் முருங்கை நட்டவனும் குடியிருந்தவனே. ஆயினும் ஆவணத்தில் அவன் பெயர் இல்லை. சினந்து என் செய்வான்? கணினித்துறையில் இத்தகையதொரு நிகழ்ச்சி அண்மையில் நடந்தது. அதனை விலையேற்றம் என்று மட்டுமே பலர் பேசினர். அப்பேச்சு பாதியே உண்மை.

ஒரு பெரிய வழங்கிக் கணினியின் ஆற்றலைப் பகுத்து, அதற்குள்ளேயே பல கணினிகள் இயங்குமாறு அமைப்பதை மெய்நிகராக்கம் என்கின்றோம். இது புதுக்கருத்தன்று, ஐ.பி.எம். குழுமம் 1972-ஆம் ஆண்டிலேயே தன் பெருங்கணினிகளுக்கு இவ்வமைப்பை வெளியிட்டது. எளிய கணினிகளுக்கு இதனைக் கொணர்ந்து பெருவாழ்வு பெற்றது, 1998-இல் அமெரிக்காவில் தோன்றிய வி.எம்.வேர் குழுமம். மருத்துவமனை, வைப்பகம், பல்கலைக்கழகம், அரசு அலுவலகம் எனக் கணக்கற்ற இடங்களில் அதன் நிரலே வழங்கிகளை ஆண்டது. பிராடுகாம் என்னும் குழுமம் அதனை ஏறத்தாழ 6,100 கோடி தாலருக்கு வாங்குவதாக 2022-இல் அறிவித்து, 2023 நவம்பரில் கைக்கொண்டது. ஒருமுறை விலைகொடுத்து என்றும் பயன்படுத்தும் உரிமம் இனி விற்கப்படாது, காலக்கட்டணம் கட்டுவோர்க்கே நிரல் என்பது அடுத்த திங்களில் வந்த அறிவிப்பு. விலையின்றி விட்டிருந்த பதிப்பையும் 2024-இல் நிறுத்தினர். 2025-இல் மீண்டும் விட்டனர். நிறுத்தியதைக் காட்டிலும் மீண்டும் விட்டதே எனக்குப் பாடமாகப் படுகின்றது. கொடுப்பதும் பறிப்பதும் மீளக் கொடுப்பதும் ஒரே கையின் விருப்பம் என்பது அதனாலன்றோ விளங்கிற்று!

இந்நிலையில் பலரும் திரும்பிப் பார்த்தது ஆத்திரிய நாட்டு வியன்னா நகரை. அங்குள்ள ஒரு குழுமம் 2008 முதல் பிராக்சுமாக்சு என்னும் மெய்நிகராக்க மேடையை வளர்த்து வருகின்றது. அதன் மூலநிரல் திறந்தது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். எல்லாவற்றையும் அவர்களே ஆக்கிவிடவில்லை. அடித்தளம் தெபியன், மெய்நிகர்ப் பொறிகளை இயக்குவது 2007-இல் இலினக்சின் உட்கருவில் சேர்ந்த கே.வி.எம். பிறர் வெட்டிய கிணற்றில் நீர் இறைத்து, ஊரார்க்கெல்லாம் வாய்க்கால் வகுத்துத் தந்த பணி அவர்களுடையது. அதுவும் பணியே.

இம்மேடையில் இருவகைக் குடியிருப்புகள் உண்டு. மெய்நிகர்ப் பொறி என்பது ஒரே மனைக்குள் கட்டிய தனி வீடு, அடுக்களையும் தனி. கொள்கலம் என்பது ஒரே வீட்டைத் தடுத்த அறைகள்; உட்கருவாகிய அடுக்களை எல்லார்க்கும் பொது. ஆகலின் கொள்கலம் இலகுவானது, விரைந்து எழுவது. ஆனால் தடுப்பு அத்துணைத் திண்ணியதன்று. (கொள்கலம் என்னும் சொல்லே எனக்கு நிறைவளிக்கவில்லை; உள்ளிருப்பது பண்டமன்று, இயங்கும் நிரல். நல்ல சொல் வரும்வரை இதுவே இருக்கட்டும்.)

வளர்ச்சி ஒரே சீராக நடந்ததென்று சொல்லமாட்டேன். தொடக்கத்தில் கொள்கலங்களுக்கு ஓப்பன்வி.இசட். என்னும் அமைப்பைக் கொண்டிருந்தனர். அதற்கென்று தனியே திருத்திய பழைய உட்கரு வேண்டியிருந்தது. 2015-இல் நான்காம் பதிப்பில் அதனைக் கைவிட்டு, பொது உட்கருவிலேயே இயங்கும் எல்.எக்சு.சி.க்கு மாறினர். பயன்படுத்துவோர் ஒவ்வொரு கொள்கலத்தையும் காப்புப்படி எடுத்துப் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. வருந்தத்தக்க தொல்லைதான், எனினும் செய்தது சரியே. 2020-இல் காப்புப்படிக்கென்றே தனி வழங்கி நிரலை வெளியிட்டனர். 2024-இல் வி.எம்.வேரின் பொறிகளை நேரே இறக்கிக்கொள்ளும் ஏந்து வந்தது. பெருஞ்சேமிப்புப் பெட்டிகளோடு வந்தவர்க்கு ஒரு குறை எஞ்சியிருந்தது: பொதுச் சேமிப்பில் ஒரு நொடியின் நிலையைப் பதிந்துவைத்துப் பின்னர் அந்நிலைக்கு மீளுதல் பல அமைப்புகளில் இயலவில்லை. 2025 ஆகத்தில் வந்த ஒன்பதாம் பதிப்பு அதற்கு வழிசெய்தது, முன்னோட்டம் என்னும் குறிப்போடு. முற்றாத காயைப் பழமென்று கூறி விற்காத அந்நேர்மை எனக்குப் பிடித்தது.

நாளை இக்குழுமமும் கைமாறாதா, புதிய பதிப்புகளை மூடாதா என்று கேட்பார் உளர். கைமாறலாம், மூடவும் கூடும். ஆனால் அஃபெரோ பொது உரிமத்தின்கீழ் ஏற்கெனவே வழங்கிய நிரலைத் திரும்பப் பிடுங்க எவராலும் இயலாது. இது வெறும் நம்பிக்கையன்று. சென்சர்வர் என்னும் மேடையின் விலையில்லாப் பதிப்பிலிருந்து பல ஏந்துகளைச் சிட்ரிக்சு குழுமம் 2017-இல் நீக்கியது. பிரான்சு நாட்டார் சிலர் அதே திறந்த மூலநிரலை எடுத்து, நீக்கியவற்றை மீளச் சேர்த்து, 2018-இல் வேறு பெயரில் வெளியிட்டனர். திறவாத நிரலில் இது நடந்திருக்குமா?

எனவே, விலைகுறைவு என்பதற்காக வியன்னாவை நோக்கி ஓடுவோர், பெற்றது இன்னதென்று அறியாமலே பெறுகின்றனர். அவர்கள் பெற்றது மனையுரிமை. மனைக்குரியவன் கூரையையும் தானே வேய வேண்டும். பிராக்சுமாக்சின் ஏந்துகள் கட்டணம் கட்டினாலும் கட்டாவிடினும் ஒன்றே. கட்டுவோர்க்கு நன்கு ஆய்ந்த திருத்தங்கள் தனிக் களஞ்சியத்திலிருந்து கிடைக்கின்றன. அவ்வாண்டுக் கட்டணமே எழுதுவோர்க்குச் சோறிடுவது. ஆயிரக்கணக்கானோர் உண்டு, ஒருசிலரே உலையிடும் பந்தி எத்துணை நாள் நடக்கும்?

என்னிடம் தமிழ் பயின்ற ஒருவர் இன்று ஓரிடத்தில் வழங்கிகளைக் காக்கின்றார். எட்டு இரவுகள் கண்விழித்து எல்லாப் பொறிகளையும் புதிய மேடைக்கு மாற்றியதாகச் சொன்னார். “மிஞ்சிய தொகையில் ஒரு பங்கேனும் வியன்னாவுக்குச் சென்றதா?” என்று வினவினேன். “இல்லை, ஐயா. விலையில்லாப் பொருளுக்கு ஏன் பணம் என்று கணக்கர் எழுதிவிட்டார். நான் சொன்னால் கேளார், நீங்கள் எழுதிக் கொடுங்கள், அவர் மேசைமேல் வைத்துவிடுகிறேன்” என்றார். எழுதிவிட்டேன்.