கற்பூரமும் பெட்ரோலும்

கற்பூர டப்பியின் மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில நாள் கழித்துப் பார்த்தால் டப்பி இருக்கும். கற்பூரத்தோடு போட்டு வைத்த நாலு மிளகும் இருக்கும். கற்பூரம் மட்டும் குறைந்து போயிருக்கும். திருடன் வரவில்லை, எலியும் தின்னவில்லை. மூடியின் இடுக்கு வழியாக அது காற்றோடு காற்றாய்ப் போய்விட்டது.

பெட்ரோலுக்கும் இந்தக் குணம் உண்டு. மோட்டார் வண்டி ஓடினால்தான் பெட்ரோல் செலவாகும் என்று நாம் எண்ணுகிறோம். வண்டி வெயிலில் சும்மா நிற்கும்போதே தொட்டியிலுள்ள பெட்ரோல் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. கற்பூரம் பறந்தால் நஷ்டம் நம் வீட்டோடு முடிந்துவிடும். பெட்ரோல் ஆவி பறந்தாலோ அது ஊரார் மூச்சில் போய்ச் சேருகிறது. அந்தக் கசிவை வண்டியே தன்னைத்தான் சோதித்துக் கண்டுபிடிக்கும்படி அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

1943-ம் வருஷம் ஜூலை மாதத்தில், யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, கலிபோர்னியா மாகாணத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒரு நாள் பழுப்பு நிறப் புகை மூடிற்று. ஜனங்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. பகைவர்கள் விஷ வாயுவை ஏவிவிட்டார்களோ என்றுகூடச் சிலர் அஞ்சினார்கள். பிறகு, செயற்கை ரப்பருக்கு வேண்டிய சரக்கைத் தயாரித்த ஒரு தொழிற்சாலையின் மேல் பழி விழுந்தது. அங்கே வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். புகை நிற்கவில்லை.

உண்மையை வெளிப்படுத்தியவர் ஹாலந்து தேசத்தில் பிறந்த ஆரி ஹாகென்-ஸ்மிட் என்னும் ரசாயன நிபுணர். பாஸடேனா நகரிலுள்ள கலிபோர்னியா தொழில் நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் உண்டாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். பழத்தின் மணத்தைப் பிரித்துப் பார்த்த வித்தையைக்கொண்டே ஊர்க் காற்றையும் பிரித்துப் பார்த்தார். பெட்ரோல் ஆவியிலுள்ள ஹைட்ரோகார்பன்களும், எஞ்சின் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய வெளிச்சத்தில் சேர்ந்து ஓசோன் முதலிய பொருள்களை உண்டாக்குகின்றன என்று 1950-ஐ அடுத்த சில வருஷங்களில் அவர் எடுத்துக் காட்டினார். வானத்தின் உயரத்தில் இருந்து நம்மைக் காக்கும் அதே ஓசோன், தரைக்கருகில் இருந்தால் நுரையீரலைப் புண்படுத்துகிறது. ரப்பரைக்கூட வெடிக்கச் செய்கிறது. ஆக, குற்றவாளி பகைவனல்ல. வீட்டு வாசலில் நின்ற வண்டிகளுக்கு அதில் பெரும் பங்கு இருந்தது.

இதன் பலனாக 1970-ம் வருஷத்து மாடல் முதல் கலிபோர்னியாவிலும், 1971 முதல் அமெரிக்கா முழுவதிலும் பெட்ரோல் ஆவியை வெளியே விடக் கூடாதென்று விதி ஏற்பட்டது. உபாயம் எளியதுதான். தொட்டியிலிருந்து கிளம்பும் ஆவியை ஒரு குழாய் வழியாகக் கரி நிரப்பிய டப்பிக்குக் கொண்டுபோகிறார்கள். இது அடுப்புக் கரியல்ல; எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகும்படி பக்குவம் செய்யப்பட்ட கரி. அதில் ஒரு கிராமின் உட்பரப்பையெல்லாம் விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேலாகும். வண்டி நிற்கும்போது ஆவி அதில் ஒட்டிக்கொள்கிறது. வண்டி ஓடும்போது ஒரு வால்வு திறக்க, எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடுகிறது. வீணாகப் போக இருந்தது வேலைக்கு உதவுகிறது. நம் நாட்டில் ஓடும் பெட்ரோல் கார்களிலும் இத்தகைய கரி டப்பி உண்டு.

ஆனால் குழாயில் ஒரு விரிசல் ஏற்பட்டாலோ, பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடி தளர்ந்திருந்தாலோ இத்தனை ஏற்பாடும் பயனற்றுப் போகும். இங்கேதான் சங்கடம். பிரேக் பழுதானால் வண்டிக்காரருக்கு உடனே தெரிந்துவிடும். உயிருக்குப் பயந்தாவது சரி செய்வார். ஆவி கசிந்தால் அவருக்கு ஒரு குறையும் தெரியாது. வண்டி முன்போலவே ஓடும். போகிற பெட்ரோலும் அவர் கணக்குப் பார்க்கும் அளவுக்கு இராது. தீங்கெல்லாம் பிறருக்கு, தமக்கு ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட குற்றத்தை மனிதர் தாமாக உணர்வது அரிது. ஆகையால் வண்டிக்குள்ளேயே ஒரு சாட்சியை வைக்க வேண்டியதாயிற்று.

1996-ம் வருஷத்து மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் தம் பழுதைத் தாமே கண்டறிய வேண்டும் என்ற விதி பொதுவாக அமலுக்கு வந்தது. ஒரு மில்லிமீட்டர் துவாரத்துக்குச் சமமான கசிவு இருந்தாலும் வண்டி கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள். 2000-ம் வருஷத்து மாடலிலிருந்து படிப்படியாக அதை அரை மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். அவ்வளவு சிறிய துவாரத்தைக் கண்ணால் காண்பதே கடினம். கண்ணில்லாத யந்திரம் எப்படிக் காண்கிறது?

சைக்கிள் டியூபில் காற்றடைத்து, சிறிது பொறுத்துத் தொட்டுப் பார்ப்பதில்லையா? அதுபோலத்தான். முதல் முறையில், கம்ப்யூட்டர் கரி டப்பியின் காற்று வழியை அடைத்துவிட்டு எஞ்சினைக்கொண்டு தொட்டியிலுள்ள காற்றைச் சிறிது உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சல் மிகவும் மெல்லியது. இளநீரைக் குழாய் வைத்து ஏழெட்டு அங்குலம் உயர்த்தும் பலந்தான். பிறகு எஞ்சின் பக்கத்து வழியையும் அடைத்துவிட்டு, தொட்டியின் அழுத்தத்தைக் கவனித்துக் காத்திருக்கிறது. அழுத்தம் விரைவில் பழைய நிலைக்கு ஏறினால், எங்கோ துவாரத்தின் வழியாக வெளிக் காற்று நுழைகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது முறை நம் சமையலறைக்குப் பழக்கமானது. சூடான பதார்த்தத்தை இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்தில் வைத்தால், ஆறிய பிறகு மூடி லேசில் திறக்க வராது. உள்ளே காற்றும் ஆவியும் சுருங்குவதே காரணம். மூடியில் இடுக்கு இருந்தால் அப்படிப் பிடித்துக்கொள்ளாது. பிரயாணம் முடிந்து சொந்தக்காரர் வீட்டுக்குள் போன பின்பு, சில வண்டிகள் இதே சோதனையைச் செய்கின்றன. வெப்பத்தால் தொட்டியின் அழுத்தம் ஏறுகிறதா, ஆறும்போது இறங்குகிறதா என்று பார்க்கின்றன. இரண்டுமில்லாவிட்டால் எங்கோ திறந்திருக்கிறது.

மூன்றாவது முறையில் ஒரு சிறு பம்பு வேலை செய்கிறது. முதலில் அளவு தெரிந்த அரை மில்லிமீட்டர் துவாரத்தின் வழியாகக் காற்றைத் தள்ளி, பம்பு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளும். பிறகு தொட்டிக்குள் தள்ளி, இரண்டையும் ஒப்பிடும். வியாபாரியின் தராசில் படிக்கல் எப்படியோ, அப்படி இங்கே அந்தத் துவாரம்.

இதில் நான் மெச்சும் விஷயம் ஒன்று உண்டு. யந்திரம் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை. பெட்ரோல் சூடாக இருந்தால், ஆவி மிகுந்து, கசிவைப் போலவே அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆதலால் வண்டி நன்றாக ஆறியிருக்கும் சமயம் பார்த்தே பெரும்பாலும் உறிஞ்சல் சோதனை நடைபெறும். தொட்டி மிக நிறைந்திருந்தாலும், மிகக் காலியாயிருந்தாலும் சோதனையை ஒத்திவைக்கும். ஒரு முறை குறை தென்பட்டாலும் பொதுவாக விளக்கை ஏற்றுவதில்லை. மறு முறையும் தென்பட்டால்தான் முகப்பிலுள்ள மஞ்சள் விளக்கு எரியும். நிரபராதியின் மேல் பழி போடக் கூடாது என்பதில் அவ்வளவு எச்சரிக்கை.

விளக்கு எரிந்ததும் பலர் பெரும் செலவு வந்துவிட்டதென்று பதறுகிறார்கள். வேறு சிலர், வண்டிதான் ஓடுகிறதே என்று அலட்சியம் செய்கிறார்கள். இரண்டும் வேண்டாம். எஞ்சின் வழக்கம்போல் ஓடுமானால், முதலில் பெட்ரோல் மூடியைக் கழற்றி, அதன் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார்த்து, நன்றாகத் திருகி மூட வேண்டும். குற்றம் அதுவேயானால், சில நாள் ஓட்டத்தில் விளக்குத் தானே அணைந்துவிடும். அணையாவிட்டால் மெக்கானிக்கிடம் போகலாம். அவர் குழாய்களுக்குள் கெடுதியில்லாத புகையைச் செலுத்தி, அது எங்கே வெளிப்படுகிறது என்று பார்ப்பார். சைக்கிள் கடைக்காரர் தண்ணீரில் குமிழியைத் தேடுவது போலத்தான் இதுவும். இன்னொன்று: பெட்ரோல் பங்கில் பம்பு தானே நின்ற பிறகு, இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்தி ஊற்றச் சொல்லக் கூடாது. மிகுந்த பெட்ரோல் கரி டப்பிக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிடும்.

ஒரு வண்டியின் அரை மில்லிமீட்டர் துவாரம் எம்மாத்திரம் என்று கேட்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரவாசி ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆயினும் அவர்கள் எல்லாருடைய கண்களும் எரிந்தன. நமக்கு வலிக்கிற தவறுகளை நாம் திருத்திக்கொள்கிறோம். பிறருக்கு மட்டும் வலிக்கும் தவறுகளைச் சொல்லிக் காட்ட ஒரு விளக்கு வேண்டியிருக்கிறது. மோட்டார் வண்டியில் அதை வைத்துவிட்டார்கள். தெருவில் குப்பையைக் கொட்டும் கைக்கும், குழாயைத் திறந்தபடி விட்டுப் போகும் கைக்கும் அப்படிப்பட்ட விளக்கை யாரும் வைக்க முடியாது. அதை நாமேதான் ஏற்றிக்கொள்ள வேண்டும்.