பழைய இரத்தச் சீட்டுகள்



உங்கள் வீட்டில் சாமி மேடைக்குப் பின்னாலோ அலமாரிக்கு மேலோ ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். பிறப்புப் பத்திரம், பழைய இ.பி.எஃப். கடிதம், தோட்டத்துக் கணக்குத் தீர்த்த காகிதம் எல்லாம் அதில்தான் கிடக்கும். நடுவே இரத்தப் பரிசோதனைச் சீட்டு ஏதேனும் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியம்மா ஒருவர், தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு ஈப்போ புந்தோங்கில் மகன் வீட்டுக்குக் குடிபோனார். அவருக்கு இனிப்பு நீர் உண்டு. மூன்று கிளினிக்குகளில் மாறி மாறி மருந்து வாங்கினார். ஒவ்வோரிடத்திலும் இரத்தம் எடுத்தார்கள். "கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அப்புறம் பார்ப்போம்" என்றார்கள். கால் வீங்கி, மூச்சு முட்டி, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றுதான் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்ட செய்தி தெரிந்தது. இப்போது வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு படுத்திருக்கிறார்.

மகன் கொண்டுவந்த சீட்டுகளை நான் தேதிவாரியாக மேசையில் அடுக்கினேன். நான்கு ஆண்டுகளாகக் கிரியேட்டினின் எண் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. மூன்று இடத்துச் சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

அந்த வேலையைக் கணினி செய்யும். கிரியேட்டினின் என்பது தசையில் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். 28 வயது ஆணுக்கு 110 மைக்ரோமோல் என்றால், சிறுநீரகம் வடிகட்டும் அளவு 81 அளவில் வரும், பெரும்பாலும் கவலையில்லை. அதே 110, 68 வயதுப் பெண்ணுக்கு வந்தால் அளவு 47தான். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட 2021-ல் திருத்திய சூத்திரம் ஒன்று உண்டு. அளவு 60-க்குக் கீழே இறங்கி மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். வாந்தி பேதியில் ஒருநாள் இறங்கினால் அது வேறு. ஆகவே, குறைந்தது மூன்று மாத இடைவெளியுள்ள இரண்டு சீட்டுகள் வேண்டும். அவை ஒரே ஆளின் பேரில் கணினியில் இருந்தால், டாக்டர் மறந்தாலும் அது பெயரைப் பொறுக்கி எடுத்துவிடும்.

பிரிட்டனில் 2006 முதல் குடும்ப மருத்துவர்கள் இந்த நோயாளிகளுக்கென்று தனிப் பட்டியல் வைத்தார்கள். பின்னர் கணினிப் பதிவுகளைத் தணிக்கை செய்தபோது, இரத்தத்தில் நோய் தெரிந்தும் பட்டியலில் பெயரேறாதவர்கள் பலர் கிடைத்தார்கள். பெயர் ஏறினால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். மூட்டு வலிக்கு மாத்திரை எழுதும் டாக்டர் ஒரு கணம் நின்று யோசிப்பார். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. பால்மரமும் செம்பனையும் பார்த்த நம் முதுகுகள் அவற்றைக் கொஞ்சமாகவா விழுங்கியிருக்கின்றன!

நம் நாட்டிலும் செலாயாங் மருத்துவமனை 1999-லேயே காகிதமில்லாமல் தொடங்கிற்று. ஆனாலும் 2018-ல் தீபகற்பத்தில் எடுத்த ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. 2011-ல் அது 9. நோயுள்ளவர்களில் தமக்கு அது இருப்பதை அறிந்தவர்கள் நூற்றுக்கு 5 பேரே.

நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடம். பெரியம்மாவின் பெயர் மூன்று கிளினிக்குகளில் மூன்று விதமான ஆங்கில எழுத்தில் இருந்தது. ஓரிடத்தில் தகப்பனார் பெயரே முன்னால் வந்துவிட்டது. கணினிக்கு அவர்கள் மூன்று வெவ்வேறு பெண்கள். 12 இலக்க ஐ.சி. எண் இருக்கும்போது பெயரை மட்டும் சொல்லி எழுதவிடாதீர்கள், அட்டையையே நீட்டுங்கள். சீட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

இரத்தச் சீட்டு மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க காலத்தில் இரத்த எண் ஒழுங்காகவே இருக்கும். சிறுநீரில் மட்டும் அல்புமின் என்ற புரதம் கசியும். அந்தச் சோதனையைச் செய்யாதவரின் பெயரை எந்தக் கணினியாலும் கண்டுபிடிக்க முடியாது. இனிப்பு நீரோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள், "வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின் பார்த்தீர்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரியம்மாவின் பையில் இரத்தச் சீட்டு ஒன்பது இருந்தது. சிறுநீர்ச் சீட்டு ஒன்றுகூட இல்லை.